மேற்குப் பாப்பா, கிழக்குப் பாப்பா

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி. பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள். உள்ளே பழைய வேட்டித் துணிதான், ஆனால் மிதிபட்ட துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போட முடியுமா? ஒரே வேட்டியை இரண்டாகக் கிழித்தது. நான்தான் கிழித்தேன். கரையோடு கரை வைத்துப் பார்த்து, ஒரு நூல்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாமல்.

நான் பேசுகிற ஆள் இல்லை. பொங்கியண்ணன் வாயிலிருந்து வார்த்தை வருவதும் கரும்பாறையில் தண்ணீர் வருவதும் ஒன்று என்பார்கள் எங்கள் ஊரில். இன்றைக்கு என்னவோ, விடிந்ததிலிருந்து வாய் நிற்கவில்லை. பால் ஊற்றுகிற இடத்தில் சொன்னேன். எருமையிடம் சொன்னேன். எருமை கேட்டுக்கொண்டது.

பேத்தி பிறந்திருக்கிறாள். இல்லை, தப்பு. பேத்திகள். இரண்டு பேர். ஒரே அச்சு. நேற்று வரைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார்கள். இன்றைக்குத்தான் தாயிடம் கொடுக்கிறார்கள். அதற்குத்தான் ஈரோடு போகிறேன்.

மகன் யுவராசு ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலை. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் போர் வண்டியில் இருப்பான். அவன் ராஜஸ்தானில் மண்ணைத் துளைத்துக்கொண்டிருந்தான். போவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் பார்த்துவிட்டு வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “அப்பா, ரெட்டைங்கப்பா!” என்றான். அவன் அம்மா பாவாயி கையிலிருந்த சொம்பைக் கீழே விட்டாள். நான் களத்துக்குப் போய், யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, ஒரு குதி குதித்தேன். முட்டி பிடித்துக்கொண்டது.

ரெட்டையிலும் இது ஒரு தினுசு. ஒரு கரு இரண்டாகப் பிரிந்தது. நஞ்சுக்கொடி ஒன்றுதான், அதிலிருந்துதான் இரண்டும் குடிக்க வேண்டும். அதனால் சும்மா விட முடியாது, இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஸ்கேன் என்று சொல்லிவிட்டார்கள். யார் கூட்டிப் போவது? யுவராசு வண்டியேறிவிட்டான். பாவாயிக்குப் பஸ் ஆகாது, வழியிலுள்ள கரட்டுக் குன்றைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். மருமகளின் அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் பார்க்க முடியும். மீதி நான்.

நானும் மருமகளும் நேராகப் பேசிக்கொண்டதே கிடையாது. சண்டை இல்லை. கூச்சம். “வாணியைத் தண்ணி கொண்டு வரச் சொல்லு” என்று பாவாயியிடம் சொல்லுவேன். வாணி பக்கத்திலேயே நிற்பாள். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் கடைசி வரிசையில். இறங்கினால் நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். பார்க்கிறவர்கள் தனித்தனியாக வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

முதல் நாள் ஈரோட்டு ஸ்கேன் நிலையத்தில், “வாணி கூட வந்தது யாருங்க? உள்ள வாங்க” என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

“நான் இங்கயே இருந்துக்கறனுங்க.”

“டாக்டர் கூப்பிடறாங்க ஐயா. பெரியவங்க ஒருத்தருக்கு விளக்கிச் சொல்லணுமாம்.”

போனேன். சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் பெரிதாக ஒரு போர்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம், இத்தனை வருடம் ஜெயில், இத்தனை அபராதம். நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் எழுத்துக் கூட்டி முழுதும் படித்தேன். படித்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“என்னங்கய்யா, சாமி கும்பிடறீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“எங்க மாமா சட்டத்துக்குப் பயந்துட்டாருங்க டாக்டர்” என்றாள் வாணி.

“சொல்றதுதாங்கய்யா குத்தம். நீங்க தாராளமாப் பார்க்கலாம். பார்த்தாலும் உங்களுக்கு ஒண்ணும் புரியாது.”

“புரிஞ்சுட்டா என்னங்க பண்றது?” என்றேன்.

டாக்டரம்மா அப்படிச் சிரித்தார். வாணியும் சிரித்தாள். அவள் சிரிப்புச் சத்தத்தையே அன்றைக்குத்தான் கேட்டேன். கண்ணைத் திறந்தேன். புரியவில்லைதான். மழைக்கால ராத்திரி மாதிரி இருந்தது திரை. பிறகு ஒரு பொத்தானை அமுக்கினார். சத்தம் வந்தது பாருங்கள், அந்தக் காலத்து ஆயில் இஞ்சின் மாதிரி, குதுகுதுவென்று. “இது ஒண்ணு” என்றார். கருவியைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடியும் குதுகுது. “இது இன்னொண்ணு.” நான் விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தேன். பின்தொடர முடியவில்லை. என்ன வேகம்!

நஞ்சுக்கொடியைப் பற்றி டாக்டரம்மா எனக்கு விளக்கினார். எனக்குப் பிடிபடவில்லை என்று வாணி கண்டுபிடித்துவிட்டாள்.

“மாமா, நம்ம கெணறு மாதிரிங்க. ஒரு கெணறு, ரெண்டு பங்கு.”

அட! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நான் கூச்சத்தை மறந்து அவளிடமே கேட்டேன்: “அப்ப மொறை யாரு வெக்கறது?”

“மொறையெல்லாம் இல்லீங்கய்யா” என்றார் டாக்டரம்மா. “ரெண்டும் ஒரே நேரத்துல குடிக்கும். உள்ள ரத்தக் குழாயும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்குது.”

முறை இல்லாத கூட்டுக் கிணறா!

எனக்குக் கூட்டுக் கிணற்றின் அருமை தெரியும். நானும் என் தம்பி சென்னியப்பனும் ஒரே கிணறுதான். நிலம் பாகம் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியாது என்று பொதுவில் விட்டார்கள். ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவனுக்கு. காலையில் ஆறு மணிக்கு மாற்றிவிட வேண்டும். எங்கள் பக்கம் பாகம் எப்படித் தெரியுமா? மூத்தவன் பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். பிரிக்கிறவன் வஞ்சனை செய்யக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். நான் வரப்பு வரப்பாக அளந்து, பனை மரத்தைக்கூட எண்ணிச் சமமாகப் பிரித்தேன். அவன் இரண்டு நாள் நடந்து நடந்து பார்த்துவிட்டு மேற்கை எடுத்தான். மேற்கில்தான் கருமண். எனக்குக் கிழக்கு, செம்மண், தண்ணீர் நிற்காது. சொல்ல முடியுமா? வழக்கம். வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் முறைக்கு ஏழரை எச்.பி. மோட்டார் வைத்தேன். அவனுடையது ஐந்து. என் நாளில் கிணற்றை அடிவரைக்கும் இறைத்துவிடும். மறுநாள் அவனுக்கு ஊறின வரைக்கும்தான். அதற்கு அவன் ஊரெல்லாம், “எங்கண்ணன் கெணத்துல ஏழரையைக் கொண்டாந்து எறக்கிட்டான்” என்று பேசினான். முறை தப்பினேனா? ஒரு நிமிஷம் கூடுதலாக ஓட்டினேனா? மோட்டார் சமமாக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவன் மக்காச்சோளம் மஞ்சள் பூத்ததற்கு அவன் எரு வைக்காததுதான் காரணம். விடுங்கள், அது வேறு கதை. பாப்பா கதைக்கு வருகிறேன்.

பாப்பாக்களுக்கு ஏ, பி என்று பெயர் வைத்திருந்தார் டாக்டரம்மா. எனக்கு அது வாயில் நிற்கவில்லை. இடது வலது என்றார்கள். யாருக்கு இடது? திசைதான் மாறாது. கட்டில் தெற்கு வடக்காகப் போட்டிருந்தது, வாணி தெற்கே தலை வைத்துப் படுத்திருந்தாள். அப்படியானால் ஒன்று மேற்குப் பாப்பா, ஒன்று கிழக்குப் பாப்பா. டாக்டரம்மாவே பிறகு அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். “இன்னைக்கு உங்க கெழக்கு நல்லாத் தூங்குதுங்கய்யா!”

ஐந்தாம் மாதத்தில்தான் அந்த ஸ்கேன். டாக்டரம்மா பேசாமல் ரொம்ப நேரம் பார்த்தார். பேசாமல் இருந்தால் எனக்குத் தெரியும், நானும் அந்த ரகம்தானே. ஒவ்வொரு குழந்தையும் ஒரு தண்ணீர்ப் பைக்குள் மிதக்கிறது, அந்தத் தண்ணீரின் ஆழத்தை அளப்பார்கள். மேற்குப் பாப்பாவைச் சுற்றி எட்டு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. கிழக்குப் பாப்பாவைச் சுற்றி இரண்டுகூட இல்லை. என் சுண்டு விரலை நீட்டிப் பார்த்தேன். இரண்டு கணுவுக்குக்கூட வராத தண்ணீரில் ஒரு குழந்தை எப்படிப் புரளும்?

“ரெண்டையும் சேர்க்கிற குழாய் வழியா ஒண்ணோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போகுது” என்றார். “இப்ப ஆரம்பம்தான். சில பேருக்குத் தானா நின்னுடும். இல்லைன்னா கோயமுத்தூர் போய் லேசர் வெச்சு அந்தக் குழாயை அடைக்கணும். இனிமே வாரா வாரம் வாங்க. ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னொண்ணுக்கும் ஆபத்துங்கய்யா.”

அதைக் கேட்டதும் போர்டு, சுவர், எல்லாம் எனக்கு மங்கிப்போய்விட்டது.

திரும்பி வருகையில் நான் கடைசி வரிசைக்குப் போகவில்லை. வாணிக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எனவே திட்டினேன். அவளை இல்லை, மேற்கை.

“ஏ மேற்கு! உனக்கு வெக்கமா இல்லையா? கூடப் பொறந்தது அங்க காஞ்சு கெடக்குது, நீ நீச்சலடிச்சுட்டு இருக்கறயா?”

வாணியின் தோள் குலுங்குவது கொஞ்சம் மாறியது. “பாவம் மாமா அது. வேணும்னா செய்யுது? அதுக்குக் கொழாய் பெருசு, அவ்வளவுதான்.”

“கொழாய் பெருசா இருந்தா? அடுத்த பங்கை உறிஞ்சறதா? மனசாட்சி வேண்டாமா ஒரு பங்காளிக்கு?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. கீரைக்கட்டு வைத்திருந்த அம்மா ஒருத்தி, “யாருங்க அந்த மேற்கு? நாலு அறை விடறதுதானுங்க” என்றாள். வாணி கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் பாருங்கள், மூச்சு வாங்கச் சிரித்தாள். எதற்கு அப்படிச் சிரித்தாள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கிணற்றில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வோம்? வரத்தைப் பெருக்குவோம். மறுநாளிலிருந்து வாணிக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர், இளநீர், பார்லிக் கஞ்சி. பாவாயி வழியாக இல்லை, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் ஈரோடு போய்ச் சேருவதற்குள் அந்தப் பெண் பட்ட பாடு! டிரைவர் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயா, அம்மா குடிக்கிறதுல ஒரு குறையும் இல்லை. வரத்து போதும். இங்க பங்குதான் சரியில்லை.”

அந்த வாரம்தான் இன்னொன்றும் நடந்தது. வழக்கமான அறையில் ஏசி ரிப்பேர் என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். வாணி படுத்தாள். கருவியை வைத்தார்கள். “எட்டரை. இது உங்க மேற்குங்கய்யா” என்றார் டாக்டரம்மா.

நான் திசை பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். ஜன்னலில் காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தேன்.

“இது மேற்கு இல்லீங்க.”

“என்னங்கய்யா?”

“இந்த ரூமுல கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. தலை வடக்கால இருக்குது. அப்படின்னா இப்பத் தண்ணியை இழுக்கறது கெழக்குங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கட்டிலைப் பார்த்தேன்.

“கொழந்தை மாறலீங்கய்யா. கட்டில்தான் மாறியிருக்குது.”

“கட்டிலைத் திருப்பிப் போடுங்க” என்றேன்.

“மாமா!” என்றாள் வாணி. அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். “சிரிக்காதீங்கம்மா, படம் ஆடுது” என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மாவும் சிரித்தார். நர்ஸ் வெளியே ஓடிவிட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கிழக்கு எப்படி அப்படிச் செய்யும்? கிழக்குக்கு அந்தக் குணமே கிடையாதே?

சிரித்து முடித்ததும் டாக்டரம்மா சொன்னார்: “அப்புறம் ஐயா, நீங்க சும்மா திட்டிட்டே இருக்கீங்களே, அதிகமா வாங்குற பாப்பா சுகமா இருக்குதுன்னு நெனைக்காதீங்க. அவ்வளவையும் அதோட இதயம்தான் இறைக்கணும். திணறும். குறைஞ்சதும் கஷ்டப்படுது, கூடினதும் கஷ்டப்படுது.”

பஸ்ஸில் அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை. கரடு தாண்டும்போது வாணிதான் திரும்பிக் கேட்டாள்.

“மாமா, சாமிக்கு ஏதாச்சும் வேண்டிக்கலாமுங்களா?”

“கெடா வெட்டலாம்.”

“கெடா வெட்டறது நமக்குச் சந்தோசமில்லீங்களா? வேண்டுதல்னா மனசுக்குக் கஷ்டமா இருக்கோணும்னு எங்கம்மா சொல்லும்.”

அவள் அவ்வளவுதான் சொன்னாள். மீதியெல்லாம் என் சொந்த யோசனை. வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக்கை வரச்சொல்லி ஏழரை எச்.பி.யை மேலே தூக்கினேன். மாட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய ஐந்து எச்.பி.யை இறக்கினேன். “ஏனுங்க, ஓடற மோட்டாரைத் தூக்கறீங்க?” என்றான். “வேண்டுதல்” என்றேன். சென்னியப்பனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பாப்பாக்களுக்காக வேண்டியது. அதில் அவன் சோளம் பச்சை பிடித்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மறுநாள் அவன் முறை. கிணற்று மேட்டில் வந்து நின்றான். உள்ளே எட்டிப் பார்த்தான். நான் எருமைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தான். பிறகு மோட்டாரைப் போட்டான். அடுத்த நாள் காலையில் பாருங்கள், ஆறு அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே நிறுத்திவிட்டான்! அந்தப் பத்து நிமிஷத்தை நான் யார் கணக்கில் வைப்பது? சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கணக்குத் தெரியாது.

அடுத்த புதன்கிழமை ஏழரை சென்டிமீட்டர், இரண்டேகால். அதற்கடுத்து ஆறரை, மூன்று. டாக்டரம்மா, “தானாவே நிக்குதுங்கய்யா. ரொம்ப நல்லது” என்றார். தானாகவா? அவர் படித்தவர், அவரிடம் எதிர்த்துப் பேச முடியுமா? தலையை ஆட்டினேன். வெளியே வந்து வாணியிடம் சொன்னேன், “தானாவாமா!” அவள், “அவங்களுக்கென்னங்க மாமா தெரியும்” என்றாள். நல்ல பெண். அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்தே பஸ்ஸில் வந்தேன். இரண்டு பேரும் பொரிகடலை தின்றோம்.

ஒன்பதாம் மாதம் முடிகிற வரைக்கும் காத்திருக்காமல், வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். எடுத்ததும் காட்டினார்கள். இரண்டும் பொட்டப்பிள்ளை. ஒரே மூக்கு, ஒரே நெற்றி, அழுகைகூட ஒரே ராகம். எடை வித்தியாசம் ஒரு கைப்பிடி அரிசிகூட இருக்காது. நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன், “இதுல மேற்கு எதுங்க?”

“வெளிய வந்த பொறவு ஏதுங்கய்யா மேற்கு, கெழக்கு?” என்றார்.

அதுதான் இப்போது சிக்கல். சேனை வைக்க வேண்டும். பிறந்த குழந்தை நாக்கில் பெரியவர் ஒருவர் முதல் ருசியைத் தொட்டு வைப்பது. வைத்தவர் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள். சீனித் தண்ணீர், தேன் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று நர்ஸ் மிரட்டிவிட்டாள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தாயினுடைய... அது எனக்குச் சொல்ல வராது. பாவாயி பார்த்துக்கொள்வாள். லீவில் ஊருக்கு வந்த மகன் நேற்றே கார் வைத்து அவளைக் கூட்டிப்போய்விட்டான்.

யார் வைப்பது என்றபோது வாணி படுக்கையிலிருந்தே சொன்னாள்: “ஒருத்திக்கு மாமா, ஒருத்திக்குச் சின்ன மாமா.” சின்ன மாமா என்றால் சென்னியப்பன். வேலியோரம் வாணி மூலமாக அவனுக்கு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சென்டிமீட்டர் வாரியாகச் செய்தி போயிருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது. நான் முடிவு செய்தேன், சரி, கிழக்குப் பாப்பாவுக்கு நான், மேற்குப் பாப்பாவுக்கு அவன். இப்போது கிழக்கு எது என்று கட்டிலுக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை.

அதோ, டிரைவருக்குப் பின்னால் பச்சைத் துண்டு, தெரிகிறதா? அவன்தான். ஒரே நிறுத்தத்தில்தான் ஏறினோம். நான் புளியமரத்தடியில் நின்றேன், அவன் மைல் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். துண்டு புதுசு. சலவைச் சட்டை. மூன்று தரம் திரும்பிப் பார்த்துவிட்டான், நான் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. நீங்கள் முன்வாசல் வழியாகத்தானே இறங்குவீர்கள்? எனக்கு ஒரு உபகாரம். நானே எழுந்து போனால் கூச்சத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போகிற வழியில் அவன் காதில் மட்டும் சொல்லுங்கள். பாகம் பிரித்தாயிற்று, வழக்கப்படி முதலில் அவன் எடுக்கலாம் என்று அண்ணன் சொன்னான் என்று சொல்லுங்கள்.

எடுக்கட்டும். இந்தத் தடவை எத்தனை நாள் நடந்து நடந்து பார்த்தாலும் இது கருமண், இது செம்மண் என்று அவனால் கண்டுபிடிக்க முடியாது.

சொல்லிவிட்டு, அவன் முகம் எப்படி இருந்தது என்று திரும்பி ஒரு சாடை காட்டிவிட்டு இறங்குங்கள். பையைத் தாண்டிப் போங்கள், மிதித்துவிடாதீர்கள்.